கை மறைத்த கோளாறு

“மெஷின்ல ஒண்ணும் இல்லை, ஓட்டுற கையிலதான் கோளாறு.” மரவேலை இயந்திரங்களைப் பழுது பார்க்கிற நம் தொழிலில் இதைவிடச் சுலபமாக வாயில் வருகிற வாக்கியம் வேறு கிடையாது. பாதி நேரம் அது உண்மையாகவும் இருந்து தொலைக்கும். அதனால்தான் அது ஆபத்தான வாக்கியம். நீங்கள் இப்போதுதான் கருவிப் பையைத் தோளில் மாட்டியிருக்கிறீர்கள். அந்த வாக்கியம் நாக்கு நுனிக்கு வரும் நாளில் உங்களுக்கு நினைவு வர வேண்டிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் நடந்தது. திருநெல்வேலி, அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று சுற்றிச் சுற்றி எத்தனையோ பட்டறைகளுக்குள் நுழைந்து வெளியே வந்தவன் நான். பெரிய தச்சர்களைப் பார்த்திருக்கிறேன், கண்ணால் பார்த்தே மட்டம் சொல்லும் மேஸ்திரிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு கோளாறைக் கண்டுபிடிப்பது என்றால் என்ன என்பதை அதற்குரிய முழு அழகோடு நான் பார்த்தது, பெருமாள்புரத்தில் ஒரு வீட்டுக் கார் ஷெட்டில்தான்.

அந்த வீட்டு அம்மாள் பெயர் சங்கரவடிவு. தொழில் பிசியோதெரபி. மருத்துவமனையில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு, இப்போது நடக்க முடியாதவர்களின் வீடுகளுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிறார். கடையில் விற்கும் நாற்காலியும், பிடித்து நிற்கும் சட்டமும் தன்னிடம் வருகிறவர்களின் உடம்புக்குப் பொருந்தவில்லை என்று கண்டு, அவற்றை மரத்தில் தானே செய்யக் கற்றுக்கொண்டவர். முதலில் கைரம்பம். பிறகு ஒரு சிறிய டேபிள் சா வாங்கினார். நடுவில் வட்ட ரம்பம் எழும்பி நிற்கும் அந்த இரும்பு மேசை வந்த நாளிலிருந்து அவர்கள் வீட்டுக் கார் வெயிலில் நிற்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவரிடமிருந்து போன் வந்தது.

“அண்ணாச்சி, பலகை கருகுது. ஆனா எப்பவும் இல்லை. நேத்து சில தடவை நல்லா வந்துது, பொறவு ஒரு தடவை விளிம்பெல்லாம் கருகிப் புகைஞ்சுது. அதுக்கடுத்த பலகையை ரம்பம் என்னைப் பாத்துத் திருப்பி எறிஞ்சுட்டு. நான் நேரா நிக்காம ஓரமா நின்னதால இடுப்புல உரசிட்டுப் போயிட்டு. உடனே பிளக்கைப் பிடுங்கிட்டேன். நீங்க வாறது வரைக்கும் தொட மாட்டேன்.”

இந்தப் பேச்சைக் கவனியுங்கள். ‘ஓடலை’, ‘சரியில்லை’, ‘வந்து பாருங்க’ என்பதுதான் நமக்கு வழக்கமாகக் கிடைக்கும் தகவல். இந்த அம்மாள் என்ன நடந்தது, எப்போது நடந்தது, எப்போது நடக்கவில்லை, தான் எங்கே நின்றார் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அப்போதே எனக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது.

வாசலிலேயே அவருடைய கணவர் சிதம்பரம் சார் காத்திருந்தார். கல்லூரியில் வணிகவியல் நடத்தி ஓய்வு பெற்றவர்.

“வாங்க அண்ணாச்சி. நேத்து அந்தப் பலகை போன வேகத்துல ஷெட்டுச் சுவத்துல பூச்சு பேந்துட்டு. கொஞ்சம் தள்ளிப் பட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? சொன்னா கேக்க மாட்டேங்கா. நீங்களாவது இதை வித்துரச் சொல்லுங்க.”

கோபமாகச் சொன்னாலும் குரலில் இருந்தது பயம். அதையும் நான் தவறு என்று சொல்ல மாட்டேன். மரத்தைத் திருப்பி எறியும் ரம்பத்தைக் கண்டு பயப்படாதவன் அதன் பக்கத்தில் நிற்கவே கூடாது.

ஷெட்டுக்குள் பாதி முடிந்த ஒரு நிற்கும் சட்டம் இருந்தது. அடியில் அகலமான பீடம், இடுப்புக்குப் பின்னால் வார்ப்பட்டை, முழங்கால்கள் மடங்காமல் முன்னாலிருந்து தாங்க இரண்டு குழிவான கட்டைகள், கையால் பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கம்பு. முழங்கால் கட்டைகளைச் சுமக்கும் இரண்டு பக்கச் சட்டங்கள் மட்டும் இன்னும் பொருத்தப்படவில்லை.

அது மேலப்பாளையத்துக் காதருக்கு. ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். சாத்தான்குளம் சாலையில் வண்டி கவிழ்ந்து முதுகெலும்பில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. மருத்துவமனையில் இருக்கும் ஒரு பழைய சட்டத்தில் கட்டி நிறுத்திப் பல மாதங்களாகப் பழக்கியிருந்தார் சங்கரவடிவு அம்மாள். ஞாயிற்றுக்கிழமை காதரின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வரும்போது வாசலில் நின்று வரவேற்க வேண்டும் என்பது அவர் ஆசை. மருத்துவமனைச் சட்டத்தை வெளியே தர மாட்டார்கள். இதுதான் ஆக வேண்டும்.

“ரெண்டே ரெண்டு கட்டை. அறுவை மில்லுல கொடுத்து அறுத்துட்டு வந்துரலாம்லா?” என்றார் சிதம்பரம் சார்.

“அறுத்துட்டு வரலாம். பொறவு அவுகளை நிறுத்திப் பாத்து, இங்கன கொஞ்சம் அங்கன கொஞ்சம்னு எடுக்கணுமே. ஒவ்வொரு தடவையும் மில்லுக்கு ஓட முடியுமா?”

“நேத்து கருகறதுக்கு முன்னாடி ரெண்டு துண்டு நல்லா வந்துதுன்னு நீதானே சொன்னே? அதையே போடு. லேசா கருகினா என்ன, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா யாருக்குத் தெரியப் போகுது?”

“காதர் அண்ணனுக்கே தெரியாதுங்க. அதான் எனக்குப் பயம்.”

எனக்கு விளங்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார்.

“கட்டை ஒரு பக்கம் சாய்ஞ்சிருந்தா உங்களுக்கும் எனக்கும் முழங்கால் வலிக்கும், நகந்துக்கிடுவோம். அவுகளுக்கு வலிக்காது. அரைமணி நேரம் ஒரே இடத்துல அழுத்தினாப் புண்ணாயிரும். உணர்வில்லாத கால்ல புண்ணு வந்தா ஆறாது அண்ணாச்சி. அவுகளுக்குத் தெரியாத வலியை நான்தான் முன்கூட்டித் தெரிஞ்சு வச்சுக்கணும்.”

நான் கருவிப் பையைத் திறந்தேன். வேலையைத் தொடங்கினேன்.

பிளக் வெளியே கிடப்பதைப் பார்த்துக்கொண்டேன். ரம்பத்தின் ஒரு பல்லில் பென்சிலால் குறியிட்டு, மேசையில் வெட்டியிருக்கும் நேர்ப் பள்ளத்திலிருந்து அந்தப் பல்லுக்கு முன்னால் அளந்தேன். ரம்பத்தைக் கையால் சுழற்றி, அதே பல்லைப் பின்னால் கொண்டுவந்து அளந்தேன். இரண்டும் ஒன்று. ரம்பம் நேர். பற்கள் மழுங்கவில்லை, பிசின் ஒட்டவில்லை. அறுபட்ட மரம் மறுபடி சேர்ந்து ரம்பத்தைக் கவ்வாமல் தடுக்கும் தகடும் அதன் இடத்தில் இருந்தது. அடுத்து கைடு. பலகை ஒட்டிக்கொண்டு நேராகப் போவதற்கு அணைவாக நிற்கும் நீளத் தடுப்பைத்தான் நம் பக்கம் கைடு என்கிறோம். அதன் தலை, மேசையின் முன்விளிம்பில் உள்ள இரும்புத் தண்டைப் பிடித்துக்கொண்டு இடமும் வலமும் நகரும். நகர்த்தி, பூட்டி, முன்னும் பின்னும் அளந்தேன். சரியாக இருந்தது.

பிளக்கை மாட்டி ஒரு தேக்குப் பலகையை அறுத்தேன். விளிம்பு பளிச்சென்று வந்தது. கைடை நகர்த்தி இன்னொன்று. அதுவும் சுத்தம். இன்னும் ஒன்று. கருகல் எங்கும் இல்லை.

“பாத்தியா? மெஷின் நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் ஓட்டத் தெரியலை” என்றார் சிதம்பரம் சார். அப்படிச் சொன்னதில் அவருக்கு ஒரு நிம்மதி. இதோடு இவள் விட்டுவிடுவாள் என்ற நிம்மதி.

நான் தொடக்கத்தில் சொன்ன வாக்கியம் என் நாக்கில் வந்து நின்றது. அளந்தாகிவிட்டது, அறுத்தாகிவிட்டது, எல்லாம் சரி. வேறென்ன சொல்ல முடியும்? மெல்லச் சொல்லலாம் என்று அந்த அம்மாளைப் பார்த்தேன். கணவர் சொன்னது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, பிளக்கைப் பிடுங்கிட்டுக் கைடை இன்னொரு தடவை நகர்த்திப் பூட்டுங்க. அளக்க வேண்டாம்.”

பூட்டினேன்.

“இன்னொரு தடவை. பைய.”

பூட்டினேன்.

“அந்த இடது கை என்ன செய்யுது?”

“எந்தக் கை? சும்மாதானே இருக்கு?”

“சும்மா இல்லை. பூட்டுறதுக்கு முன்னாடி கைடோட தலையைத் தண்டோட சேத்து ஒரு அமுக்கு அமுக்குதீங்க. ஒவ்வொரு தடவையும். உங்களுக்கே தெரியலை, என்ன?”

எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அந்தப் பழக்கம் என் கையில் எந்த ஊரில், எந்த இயந்திரத்தில் ஒட்டிக்கொண்டது என்று இன்றைக்கும் சொல்ல முடியாது.

“எங்க தொழில்ல முதல்ல இதைத்தான் தேடுவோம்” என்றார். “ஒரு தசைக்கு வலு இல்லைன்னா உடம்பு அதை வெளிய சொல்லாது. பக்கத்துத் தசையை வச்சு வேலையை முடிச்சிரும். நடை பாக்க நல்லாத்தான் இருக்கும். அந்த உதவியை நிறுத்தினாத்தான் எங்க பலவீனம்னு தெரியும். நீங்க அந்தக் கையை எடுத்துட்டுப் பூட்டுங்களேன்.”

இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். கைடின் நடுவைப் பிடித்து, அந்த அம்மாள் கையால் காட்டியபடி நகர்த்தி, வலது கையால் மட்டும் பூட்டினேன். அளந்தேன். முன்னால் சரி. பின்னால், ஒரு விசிட்டிங் கார்டு கனத்துக்கு, கைடு ரம்பத்தை நோக்கிச் சாய்ந்திருந்தது.

திறந்து மறுபடி பூட்டினேன். இந்த முறை நேர். இன்னொரு முறை, மீண்டும் சாய்வு.

அதுதான் நோய். கைடு பின்னால் சாய்ந்தால் பலகை போகப் போக வழி குறுகும். மரம் ரம்பத்தின் பின்பற்களில் நெரிபடும். கொஞ்சம் நெரிந்தால் கருகும், அதிகம் நெரிந்தால் பற்கள் பலகையைத் தூக்கி எறியும். கைடு நேராகப் பூட்டிக்கொண்ட நேரங்களில் எதுவும் நடக்காது. என் கையில் எப்போதும் நேராகப் பூட்டியது, ஏனென்றால் இயந்திரத்தின் குறையை என் கை நிரப்பிக்கொண்டிருந்தது. என்னை அனுப்பிவிட்டு அவர் மறுபடி ஓட்டியிருந்தால் அடுத்த பலகை எங்கே பட்டிருக்குமோ.

பிள்ளைகளே, இதை மட்டும் மனதில் வையுங்கள். பழகிய கை கோளாறைச் சரி செய்யாது, மறைக்கும். வாடிக்கையாளர் சொல்லும் கோளாறு உங்கள் கையில் வரவில்லை என்றால், அவர் பிடிக்கிறபடி பிடித்துப் பாருங்கள். அவர் நிற்கிற இடத்தில் நின்று பாருங்கள். அதற்கும் பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும்.

கைடின் தலையைக் கழற்றினேன். உள்ளே தண்டின் மேல் உராய்கிற பிளாஸ்டிக் துண்டுகள் இரண்டு. ஒன்று ஒரு பக்கமாகத் தேய்ந்து ஆப்புப்போல ஆகியிருந்தது. அந்தத் துண்டு திருநெல்வேலியில் கிடைக்காது. கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். வருவதற்குள் கல்யாணம் முடிந்திருக்கும்.

அந்த நேரத்தில்தான் காதர் போன் செய்தார். கையில் மரத்தூள் இருந்ததால் அந்த அம்மாள் ஸ்பீக்கரில் போட்டார்.

“டாக்டரம்மா, மெஷின் உங்களை அடிச்சுப் போட்டுன்னு சார் சொன்னாங்களே. எனக்காக மெனக்கெடாதீங்க. நான் நாற்காலியிலேயே இருந்துக்கிடுதேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒண்ணும் நினைக்க மாட்டாங்க.”

“அடிக்கலை, உரசுச்சு. நான் சொல்லுததைக் கேளுங்க காதர் அண்ணே. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள முடிஞ்சா கொண்டாந்து நிறுத்திப் பாப்பேன். முழங்கால் எனக்குத் திருப்தியா இருந்தாத்தான் ஞாயித்துக்கிழமை நிக்கலாம். இல்லைன்னா நாற்காலிதான். அப்போ நீங்க கெஞ்சினாலும் நான் விட மாட்டேன். சம்மதமா?”

“சம்மதம்மா. நீங்க சொன்னா சரி.”

‘கண்டிப்பா நிப்பீங்க’ என்று சொல்லியிருக்கலாம். யாராக இருந்தாலும் அந்த இடத்தில் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு தகப்பனிடம் ‘இல்லைன்னா நாற்காலிதான்’ என்று சொல்வதற்கு எவ்வளவு அன்பு வேண்டும் என்று நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

போனை வைத்துவிட்டு, தேய்ந்த துண்டை என் கையிலிருந்து வாங்கி நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே போய் ஒரு வெள்ளைத் தகட்டோடு வந்தார். பாதம் தொங்கிப் போனவர்களுக்குக் காலோடு சேர்த்துக் கட்டும் அணைப்பு செய்கிற கெட்டியான பிளாஸ்டிக்.

“இது சரிப்படுமா? உடம்பு பாரத்தையே தாங்கும்.”

சரிப்பட்டது. அதிலிருந்து ஒரு துண்டு வெட்டி, அரம் போட்டு இழைத்து, பொருத்தி, கழற்றி, மறுபடி இழைத்துப் பொருத்தினேன். பிறகு அந்த அம்மாளிடம் சத்தமாகவே சொன்னேன்: “இது அவசரத்துக்குப் பண்ணின வைத்தியம். ஒரிஜினல் வந்ததும் நானே வந்து மாத்துவேன். அதுவரைக்கும் கைடோட பின்முனையையும் மேசையோட கிளாம்ப் போட்டுப் பிடிங்க. ஒவ்வொரு தடவையும் முன்னும் பின்னும் அளந்துட்டுத்தான் சுவிட்சைத் தொடணும்.” அவசர வைத்தியம் செய்வது குற்றம் இல்லை. அதை அவசர வைத்தியம் என்று சொல்லாமல் வருவதுதான் குற்றம்.

அப்புறம் கைடை எப்படியெல்லாம் கோணலாக நகர்த்த முடியுமோ அப்படியெல்லாம் நகர்த்திப் பூட்டினோம். நான் பூட்டினேன், அந்த அம்மாள் பூட்டினார். கடைசியில் அவர், “ஏங்க, நீங்க வந்து பூட்டுங்க” என்று கணவரைக் கூப்பிட்டார். வாழ்நாளில் முதல்முறையாக அந்த இயந்திரத்தைத் தொட்ட சிதம்பரம் சார் பூட்டியதும் நேராகவே நின்றது.

முந்தின நாள் நன்றாக வந்த இரண்டு துண்டுகளையும் நான் அளந்து கொடுத்ததும், அந்த அம்மாள் அவற்றைத் தனியே எடுத்து வைத்தார்.

“அதைத்தான் அளந்து பாத்தாச்சே, சரியாத்தானே இருக்கு?” என்றேன்.

“இருக்கலாம் அண்ணாச்சி. ஆனா மெஷின் கோளாறா இருந்த நேரத்துல அறுத்தது. அதை அவுக காலுக்கு வைக்க மனசு வரலை. கால்மணை செஞ்சுக்கிடலாம்.”

புதுப் பலகையை அவரே அறுத்தார். ரம்பத்துக்கு நேராக நிற்காமல் விலகி நின்று, கையால் தள்ளாமல் தள்ளுகட்டையால் தள்ளி, அவசரமே இல்லாமல். முந்தின நாள் தன்னை அடிக்க வந்த ரம்பத்தின் முன்னால் ஒருவர் அப்படி அமைதியாக நிற்பதைப் பார்ப்பது பெரிய பாக்கியம். ரம்பத்தைத் தாண்டி வரும் பலகையை மறுபக்கம் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. நான் போவதற்கு முன்னால் சிதம்பரம் சார் போய் நின்றுகொண்டார். விளிம்பு பளிச்சென்று வந்தது. அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் ஒரு லோடு ஆட்டோவில் சட்டத்தை ஏற்றிக்கொண்டு மூவரும் மேலப்பாளையம் போனோம். காதரின் வீட்டில் கல்யாணக் கூட்டம். ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். வார்ப்பட்டையை மாட்டி, காதரை மெதுவாக எழுப்பி நிறுத்தினார் அந்த அம்மாள். காதரின் முகம் மலர்ந்தது. வாசலில் நின்ற உறவினர்கள் ‘மாஷா அல்லாஹ்’ என்றார்கள். எனக்கும் வேலை முடிந்தது என்றுதான் தோன்றியது.

அந்த அம்மாள் அவரை உட்கார வைத்து, முழங்கால்களைத் திறந்து பார்த்தார். இடது முழங்காலில் உள்பக்கம் ஒரு சிவப்பு. விரலால் அழுத்தினார். காத்திருந்தார். சிவப்பு போகவில்லை.

“இப்படியே விட முடியாது” என்றார்.

காதரின் முகம் சுருங்கியது. “எனக்கு ஒண்ணும் செய்யலையேம்மா.”

“அதான் அண்ணே சொல்லுதேன்.”

பக்கச் சட்டத்தையும் கட்டையையும் கழற்றிக்கொண்டு பெருமாள்புரத்துக்குத் திரும்பினோம். காதரின் இடது கால் லேசாக உள்பக்கம் திரும்பியிருந்தது. அதற்கு ஏற்ப அந்தப் பக்கச் சட்டத்தின் விளிம்பை மெல்லிய சாய்வாகச் சீவி எடுக்க வேண்டும். கைடைப் பூட்டி, அளந்து, கிளாம்ப் போட்டு, ஒரு முறை சீவினார். குழிவில் பஞ்சை மாற்றினார். மறுபடி மேலப்பாளையம். மறுபடி நிறுத்தி, உட்கார வைத்து, விரலால் அழுத்திப் பார்த்தார். இந்த முறையும் லேசான சிவப்பு இருந்தது. ஆனால் விரலை எடுத்ததும் வெளுத்து, கொஞ்ச நேரத்தில் தோலின் நிறமே திரும்பி வந்தது. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகுதான் நிமிர்ந்தார்.

“நாளைக்கு நில்லுங்க. மாப்பிள்ளை உள்ள வாற வரைக்கும்தான். நான் கையைக் காட்டினா உக்காந்துரணும்.”

காதர் இரண்டு கைகளையும் ஏந்தி துஆ கேட்டுவிட்டு முகத்தில் தடவிக்கொண்டார்.

கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். மண்டபத்து வாசலில் வெள்ளை வேட்டி சட்டையோடு காதர் நின்றிருந்தார். சட்டத்தைச் சுற்றி யாரோ பூச்சரம் கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா முதலில் வந்தார். சக்கர நாற்காலியில் இருக்கிற மனிதரைத் தழுவக் குனிந்து பழகியவர், பழக்கத்தில் குனியப் போனவர், பாதியில் நிமிர்ந்தார். காதர் அவரைத் தோளோடு தோளாகச் சேர்த்து அணைத்துக்கொண்டார். பின்னால் வந்த மாப்பிள்ளையின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அவன் கண்ணுக்கு நேராகப் பார்த்து ஏதோ சொன்னார். அவன் தலையசைத்தான். பெண்கள் பக்கத்திலிருந்து குலவைச் சத்தம் எழுந்தது. சிதம்பரம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்த அத்தனை பேரும் காதரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கரவடிவு அம்மாள் மட்டும் ஓரமாக நின்று, அவருடைய முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.